யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு: அடிக்கல்லுக்கு முன் கேட்கவேண்டியவை

(வடமராட்சியில் கமக்காரரும் பல துறை உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



பெரிய கட்டுமானங்களும் நமது தண்ணீரும் என்ற பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். நான் பொறியியலாளன் அல்லேன். அணைக்கு எத்தனை அடி அத்திவாரம் வேண்டும் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஓர் உறுதியைக் கையில் எடுத்தால், அதில் எது எழுதப்பட்டிருக்கிறது என்பதைவிட எது எழுதப்படாமல் விடுபட்டிருக்கிறது என்று தேடுவது எனது தொழில். அந்தக் கண்ணோடு நமது நாட்டின் பெரிய வேலைகளைப் பார்த்தால், சீமெந்தும் இரும்பும் போதாமல் கெட்டவை சில. முன்கூட்டித் தீர்க்கவேண்டியதைத் தீர்க்காமல் கெட்டவையே பல.

நமது பங்குக்கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பரப்புத் தோட்டக்காணியை மகளுக்குச் சீதனமாக எழுதும் தகப்பன் என்ன செய்கிறான்? கிணற்றில் எத்தனையில் ஒரு பங்கு, தண்ணீர் போகும் வாய்க்கால் எந்த வேலியோரம், கிணற்றுக்குப் போய்வரும் வழி எது என்று நொத்தாரிசு மூலம் எழுதிவைக்கிறான். இறைப்பு முறை யாருக்கு எந்த நாள் என்பதும் ஊருக்குத் தெரியும். துலா மிதித்த காலத்திலேயே நம் பாட்டன்மார் இவ்வளவையும் அறுதியிட்டார்கள். அப்படியிருந்தும் பங்குக்கிணற்று வழக்குகள் நீதிமன்றத்துக்கு வந்தவண்ணமே இருக்கின்றன. எழுதாமல் விட்டிருந்தால் நானும் எனது நண்பர்களும் இன்னும் பெரிய வீடு கட்டியிருப்போம்! நான்கு பரப்புக்கு இத்தனை கவனம் செலுத்திய நாம், ஒரு குளத்தின் நீரையும் ஒரு கடல்நீரேரியின் தன்மையையும் மாற்றப் புறப்படும்போது அதே கவனத்தை ஏன் கேட்பதில்லை? இன்று உங்கள் முன் வைக்க வந்த விடயம் இதுதான்.

தலைப்பகுதி முடியாத ஆறு

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. உள்ள ஒரே வழுக்கியாறும் மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கமாகக் கடலில் விழுவது. ஆண்டுக்கு ஏறக்குறைய 50 அங்குல மழை; அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதத்தில். அந்த மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கடலின் உவர்நீர்மேல் ஒரு நன்னீர்ப் படையாக மிதக்கிறது. நிலத்தடி நீரைப்பற்றி அறிஞர் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு உவர்நீரை அது தள்ளி வைத்திருக்கும். மேலே ஓர் அடி குறைந்தால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறத் தொடங்கும் என்பது அதன் மறுபக்கம். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இரவு பகலாக இறைக்கும் உங்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. சித்திரையில் கிணற்று நீரை நாவில் வைத்துப் பார்த்தவர்கள் நீங்கள்.

இந்த நிலையை மாற்ற, நீர்ப்பாசன இலாகாவின் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் அவர்கள் 1954ஆம் ஆண்டளவில் ஒரு திட்டம் வகுத்தார். 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற பெயரால் நாம் அறிந்தது அது. களப்புகளை நன்னீராக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு முன்னரும் பலருக்கு இருந்ததே. அவர் செய்தது, அதனை ஒரே தொடராகக் கோத்துக் காட்டியமை. வவுனியாப் பக்கத்திலிருந்து வடக்கு நோக்கி ஓடிவரும் கனகராயன் ஆறு இரணைமடுவை நிரப்பி, மிச்சத்தை ஆனையிறவுக் கடல்நீரேரியில் கொட்டுகிறது. வேறு சிற்றாறுகளும் அதிலேயே விழுகின்றன. அந்த ஏரியை மேற்கே ஆனையிறவிலும் கிழக்கே சுண்டிக்குளத்திலும் அடைத்தால் அது நன்னீர் ஏரியாகும். அங்கிருந்து முள்ளியானூடாக இரண்டரை மைலளவு வாய்க்கால் வெட்டி வடமராட்சிக் களப்புக்கு நீரைக் கொண்டுவரலாம். வடமராட்சிக் களப்பின் கடல்வாயைத் தொண்டைமானாற்றிலும், உப்பாற்றின் வாயை அரியாலையிலும் தடுப்பணையால் அடைத்துவிட்டால், உப்பு ஆண்டுக்காண்டு கழுவப்பட்டு, குடாநாட்டின் நடுவே நன்னீர் நிற்கும். அதன் இருமருங்கும் கிணறுகள் தேறும். எண்ணத்தில் இதைவிட எளிமையும் அழகும் உடைய நீர்த்திட்டம் இந்தத் தீவில் குறைவு என்பேன்.

நடந்தது என்ன? தொண்டைமானாற்றுத் தடுப்பணையும் அரியாலைத் தடுப்பணையும் 1950களிலேயே வேலைக்கு வந்தன. ஆனையிறவுப் பகுதி 1960களில் தொடங்கப்பட்டது. சுண்டிக்குளத்தில் அணையும் வானும் எழுந்தன. முள்ளியான் வாய்க்கால் முழுமை பெறவில்லை. பணம் இல்லை என்று வேலை நின்றது. பின்வந்த வெள்ளம் சுண்டிக்குளத்தில் கட்டியதை உடைத்தது. தடுப்பணைகளின் மரக்கதவுகள் பராமரிப்பின்றி உக்கின. பின்னர் போர். ஆனையிறவு என்ற சொல்லுக்கே வேறொரு பொருள் வந்துவிட்டது. போரின் பின் தடுப்பணைகள் சீர்செய்யப்பட்டன. தலைப்பகுதி இன்றுவரை முடியவில்லை.

வாலை முதலிற் கட்டியதே பிழை என்று சிலர் சொல்வதுண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். தொண்டைமானாற்றுத் தடுப்பணை தனித்து நின்றாலும் பயன் தருவது. கடலைத் தடுக்கும், மாரி மழையைத் தேக்கும். ஆனையிறவுப் பகுதியின் இயல்பு அதுவன்று. மேற்கை அடைத்துக் கிழக்கை விட்டாலும், இரண்டையும் அடைத்து வாய்க்காலை விட்டாலும், பயன் அரைவாசி அன்று, ஒன்றுமே இல்லை. முக்காற்பங்கு கட்டிய மதிலுக்குள் ஆடு வளர்க்க முடியாது. இப்படிப்பட்ட வேலையை ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் விழும் துண்டுப் பணத்தை நம்பித் தொடங்கக் கூடாது. முடிக்கும்வரைக்குமான பணம் எங்கிருந்து, எந்த ஆண்டு, யார் பொறுப்பில் வரும் என்பதற்கு எழுத்தில் விடை இல்லாமல் முதல் மண் வெட்டினால், அந்த மண்வெட்டியே வேலையின் முடிவையும் தீர்மானித்துவிடுகிறது.

"அரசு நம்மைப் புறக்கணித்தது, அதனால் நின்றது, வேறு காரணம் எதற்கு?" என்று முன்வரிசையில் இருக்கும் அன்பர் கேட்க எண்ணுவது எனக்குத் தெரிகிறது. புறக்கணிப்பு உண்மை. அதனை மேடைமேடையாகச் சொல்லிவருபவன் நான். ஆனால் புறக்கணிக்க விரும்புவோனுக்கு மிக வசதியானது அரைகுறையாக வகுத்த திட்டமே. ஒரு கேள்வியை எடுத்து, "இதற்கு விடை வரட்டும்" என்று கோப்பைப் பத்து ஆண்டு மேசைக்குள் வைத்துவிடலாம். எல்லாக் கேள்விக்கும் விடையோடு போகும் கோப்பை மறுப்பவன், தான் மறுப்பதை உலகறிய மறுக்கவேண்டியிருக்கும்.

இரணைமடுவும் தாளையடியும்

நிற்க. முடியாத வேலையைப் பார்த்தோம். முடிந்த ஒரு வேலையைப் பார்ப்போம்.

2010ஆம் ஆண்டு, ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு யாழ்ப்பாணம் - கிளிநொச்சிக் குடிநீர்த் திட்டம் தொடங்கியது. இரணைமடுவிலிருந்து நாளொன்றுக்கு 27,000 கனமீற்றர் நீரைக் குழாய்வழி கொண்டுவருவது முதல் ஏற்பாடு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆண்டுக்கு ஏறக்குறைய 8,000 ஏக்கர் அடி. அக்காலத்து இரணைமடுவின் கொள்ளளவு ஏறத்தாழ 1,06,500 ஏக்கர் அடி. பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் குறைவு. கொழும்பில் மேசையில் இருந்து பார்ப்பவருக்கு இது ஒரு சிறு துளி. குளத்தையும் திருத்தி, கொள்ளளவையும் கூட்டித் தருகிறோம் என்றும் சொல்லப்பட்டது.

கிளிநொச்சிக் கமக்காரன் கேட்டது வேறு. இரணைமடுவின்கீழ் 20,000 ஏக்கருக்கு மேல் வயல். காலபோகத்துக்கு மழை துணை நிற்கும். சிறுபோகத்தில் அதில் ஒரு பகுதிக்கே நீர் காணும். அந்தப் பகுதியை யார் விதைப்பது என்று தமக்குள்ளே முறைவைத்துப் பகிர்ந்துகொள்பவர்கள் அவர்கள். குளம் நிரம்பிய ஆண்டில் பன்னிரண்டில் ஒன்று பெரிதன்று. குளம் கால்வாசியில் நிற்கும் ஆண்டில் என்ன? குழாயை மூடுவார்களா, வாய்க்காலை மூடுவார்களா? குடிநீருக்கே முதலிடம் என்பது உலக வழக்கு. ஆகவே தனது வாய்க்கால்தான் மூடப்படும் என்று அவன் கருதியதில் தவறில்லை. அந்த ஐயம் தீர்க்கப்படுமுன்னரே கடன் கைச்சாத்தாகிவிட்டது. எதிர்ப்பு எழுந்தது. வடமாகாண சபையிலும் வாதம் நடந்தது. தமிழ்க் கமக்காரன் ஒருபுறம், தாகத்தோடு தமிழ்க் குடும்பம் மறுபுறம் என்று நிறுத்தப்பட்டோம். என் அரசியல் வாழ்வில் நான் கண்ட மனம் நொந்த காட்சிகளில் அது ஒன்று.

முடிவில் இரணைமடு நீர் கைவிடப்பட்டது. வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் வகுக்கப்பட்டது. அங்கே மீன்பிடிப்போரின் எதிர்ப்பு எழுந்தது. மேலும் கடன், மேலும் ஆண்டுகள். 2024 ஆவணி 2ஆம் தேதி, நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் தரக்கூடிய அந்நிலையம் திறந்துவைக்கப்பட்டது. தண்ணீர் வந்தது, மகிழ்ச்சி. வந்த தண்ணீரை இகழ நான் இங்கே வரவில்லை. ஆனால் ஆற்றுநீர் தன் பாரத்தால் ஓடுகிறது. கடல்நீரை மெல்லிய சவ்வினூடாக அழுத்தி உப்பைப் பிரிக்க, நாள்தோறும் மின்சாரம் எரிக்க வேண்டும். அந்தச் செலவு நிலையம் இயங்கும் காலம் முழுவதும் தொடரும்.

இங்கே தமிழ்நாட்டு வரலாற்றில் ஒரு பாடத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மேட்டூர் அணை. மைசூர் அரசும் சென்னை அரசும் காவிரியில் அணை கட்டும் திட்டங்களோடு 1910ஆம் ஆண்டளவில் எதிரெதிரே நின்றன. தஞ்சைக் கமக்காரரின் பழைய நீருரிமை என்னாகும் என்பதே கேள்வி. மத்தியஸ்தர் 1914இல் தீர்ப்புச் சொன்னார். அதையும் ஏற்காமல் வாதாடி, 1924இல் உடன்படிக்கை எழுதினார்கள். 1925இல் மேட்டூர் வேலை தொடங்கி 1934இல் முடிந்தது. பதினான்கு ஆண்டு வாதம், ஒன்பது ஆண்டு வேலை. நமது குடிநீருக்கும் 2010 முதல் 2024 வரை பதினான்கு ஆண்டு. வேறுபாடு என்னவெனில், அவர்கள் வாதாடி முடித்துவிட்டுக் கட்டத் தொடங்கினார்கள். நாம் கடனை எழுதிவிட்டு வாதாடத் தொடங்கினோம். வாதாடும் காலத்தில் அவர்களுக்குச் செலவானது காகிதம். நமக்குச் செலவானது வட்டியும் விலையேற்றமும்.

அந்த உடன்படிக்கையிலும் ஒரு துளை இருந்தது. ஐம்பது ஆண்டு கழித்து மீளாய்வு என்று அதில் ஓர் ஏற்பாடு. 1974க்குப் பின் எழுந்த வழக்கு 1990இல் நடுவர் மன்றத்துக்குப் போய், 2007இல் தீர்ப்பு வந்து, 2018இல் இந்திய உச்ச நீதிமன்றம்வரை சென்றது. எழுதப்பட்ட வரிகள் ஐம்பது ஆண்டு அமைதி தந்தன. தெளிவாக எழுதாத வரி நாற்பது ஆண்டு வழக்குத் தந்தது.

மண்ணுக்கடியில் உள்ளதை முன்னர் பாராமல் போவதும் இவ்வகையே. ஊவாவில் உமா ஓயாத் திட்டத்துக்காக ஏறக்குறைய 15 கிலோமீற்றர் நீளத்துக்கு மலைக்குள் சுரங்கம் தோண்டினார்கள். 2014 மார்கழியில் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பெருக்கெடுத்தது. மேலே பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீடுகள் வெடித்தன. 2015இல் முடியவேண்டிய வேலை 2024 சித்திரையில்தான் திறக்கப்பட்டது. மலைநாட்டுக் கல்லிலே இப்படியென்றால், குகையும் பொந்துமான சுண்ணாம்புக் கல்லின்மேல் குடியிருக்கும் நாம் எவ்வளவு கவனமாக இருக்கவேண்டும்!

இனி என்ன கேட்பது

'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' பற்றிய பேச்சு தேர்தலுக்குத் தேர்தல் எழுகிறது. நானும் அதை விரும்புகிறவன். ஆனால் 1954இன் வரைபடத்தைத் தூசி தட்டி எடுத்து அப்படியே கட்டுவோம் என்பாருடன் எனக்கு உடன்பாடு இல்லை. அன்றைய இரணைமடு வேறு. அதன்பின் அணை உயர்த்தப்பட்டது. அதிக நீர் குளத்திலேயே தங்குகிறது. ஆகவே வான்வழி ஆனையிறவுக்கு வரும் மிச்சநீரின் கணக்கு மாறிவிட்டது. 2017இல் நாடே வரட்சியால் வாடியது. 2018 மார்கழியில் அதே இரணைமடுவின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியில் வெள்ளம். நல்ல ஆண்டின் சராசரியைக் காட்டி நம்மை மயக்கக்கூடாது. மிகக் கெட்ட ஐந்து ஆண்டில் எவ்வளவு வரும்? ஆழமில்லாத ஏரியில் அதில் எவ்வளவைச் சித்திரை வெயில் குடித்துவிடும்? இதுவே முதற் கேள்வி.

அடுத்தது, இழப்போர் யார் என்பது. ஆனையிறவு ஏரியும் தொண்டைமானாற்றுக் களப்பும் வெறும் உப்புநீர் அல்ல. இறாலும் மீனும் பிடித்து வயிறு வளர்க்கும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. கடல்நீர் உள்ளே வந்தால்தான் அவர்களுக்குப் பிழைப்பு. மாரியில் வயல் மூழ்குகிறது, கதவைத் திற என்பான் தாழ்நிலக் கமக்காரன். கோடைக்கு நீர் வேண்டும், திறக்காதே என்பான் மேட்டுத் தோட்டக்காரன். இறால் வரவேண்டும், கடலை விடு என்பான் மீனவன். மூவரும் நம்மவர், மூவருக்கும் நியாயம் உண்டு. கதவின் திறப்பு எந்த மாதம் யார் கையில் இருக்கும் என்பது அணையின் தடிப்பைவிடப் பெரிய விடயம் என்று நான் சொன்னால், பொறியியல் நண்பர்கள் கோபிக்கமாட்டார்கள் என நம்புகிறேன். இழப்பவனுக்கு இழப்பீடு எவ்வளவு, எப்போது, எந்தக் கணக்கிலிருந்து என்று எழுதாமல், "பொதுநன்மைக்காகப் பொறுத்துக்கொள்" என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. இரணைமடுக் கமக்காரனிடம் அப்படிச் சொல்லிப் பார்த்துத்தான் பதினான்கு ஆண்டு போயிற்று.

சட்டமும் மாறியிருக்கிறது. சுண்டிக்குளம் 1938இலேயே பறவைகளின் சரணாலயம். 2015இல் தேசியப் பூங்கா ஆயிற்று. 1954இல் ஓர் அணைக்கோட்டை வரைபடத்தில் இழுத்தால் போதும். இன்று வனசீவராசிகள் இலாகா கேட்கும், சுற்றாடல் அதிகாரசபை கேட்கும். சுற்றாடல் தாக்க அறிக்கை வெளியானால் 30 நாளுக்குள் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். அந்த முப்பது நாளில் நம் தரப்பிலிருந்து வெறும் உணர்ச்சி மட்டும் போனால் பயன் என்ன?

அதிகாரம் யாருடையது என்பதும் கேள்வியே. 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி, ஒரு மாகாணத்துக்குள்ளேயே ஓடும் ஆறுகளின் நீர்ப்பாசன வேலைகளை வகுப்பதும் நடத்துவதும் மாகாணத்துக்கு உரியது. கனகராயன் ஆறு பிறப்பதும் முடிவதும் வடமாகாணத்தில். எனவே இந்தத் திட்டத்தை வகுக்கும் உரிமை நம் கையில் என்று வாதாட இடமுண்டு. ஆனால் வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஐப்பசியில் முடிந்தபின், ஆண்டுகள் பல கழிந்தும் தேர்தல் நடத்தப்படாமலே காலம் சென்றது. நாம் தெரிவுசெய்த எவரும் இல்லாத சபையில் ஆளுநரும் அதிகாரிகளும் திட்டம் வகுத்தால், கெட்ட ஆண்டில் வாய்க்காலை மூடியவர் யார் என்று யாரிடம் போய்க் கேட்பது? மாகாணசபைத் தேர்தல் வேண்டும் என்று நாங்கள் மேடையில் முழங்குவது பதவிக்காக என்று எள்ளுவோர், இந்தக் கேள்விக்கு விடை சொல்லட்டும்.

பராமரிப்பைப்பற்றி நீட்டிப் பேச நேரமில்லை. தொண்டைமானாற்றின் உக்கிய கதவுகளைக் கண்டவர்களுக்கு ஒரு சொல் போதும்: கட்டும் பணத்தோடு காக்கும் பணமும் அதே நாளில் ஒதுக்கப்படவேண்டும்.

முடிவாக, இன்று வீட்டுக்குப் போகும்போது கையில் கொண்டுபோக ஒரு வேலை தருகிறேன். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், இத்திட்டம்பற்றி இலாகாக்களிடம் உள்ள ஆய்வறிக்கைகளையும் நீர்க்கணக்குகளையும் கேட்டு விண்ணப்பம் எழுதித் தருகிறேன்; கையெழுத்து நீங்கள் இடவேண்டும். அங்கிருந்து வரும் கணக்கோடு ஒப்பிட நம்மிடமும் ஒரு கணக்கு வேண்டும். ஒவ்வொரு கமக்காரர் சங்கமும் தன் ஊரில் பத்துக் கிணறுகளைத் தெரிந்தெடுத்து, கிணற்றுக்கட்டிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடி என்று மாதம் ஒருமுறை ஒரே தேதியில் கயிறு விட்டு அளந்து, கொப்பியில் எழுதி, இருவர் கையெழுத்திட்டு வைக்கட்டும். உவர்ப்பளவு காட்டும் சிறு கருவியைச் சங்கப் பணத்தில் வாங்கலாம். பக்கத்துப் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியர் அதனைப் பார்க்கப் பழக்குவார். களப்போரக் கிணறு மூன்று, தோட்ட நடுவில் நான்கு, கடலோரம் மூன்று என்று பிரித்தால் நல்லது. முதல் அளவை வருகிற மாதம் முதலாந் தேதி எடுங்கள். கொப்பியின் பிரதியொன்றை எனது அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். நீதிமன்றம் செல்லநேர்ந்தால் அதுவே நமது முதற் சான்று.